கொம்பு வெச்ச சைக்கிள்

சித்த காலை அந்தப் பக்கம் நகத்திக்குங்க, சக்கரம் இடிக்கும். ஆமாங்க, சைக்கிள்தான். முன்சக்கரத்தைக் கழட்டி மடியில வெச்சிருக்கேன், மிச்சம் உங்க சீட்டுக்குப் பின்னால சாஞ்சிருக்குது. கண்டக்டர் இதுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் போட்டாருங்க. போட்டுட்டு, "இது சைக்கிளுங்களா, கலப்பைங்களா?"ன்னு வேற கேட்டாரு. காங்கேயத்துல ஏறுனதுலருந்து பஸ்ஸே இதைத்தான் பாக்குது. பாக்கட்டும். குடுத்த விலைக்கு நாலு பேரு பாக்கவாச்சும் வேணுமில்லீங்க.

அடடா, வேட்டியில பட்டிருச்சுங்களா? பயப்படாதீங்க, கிரீஸ் இல்ல. தேங்காய் எண்ணெய். நம்ம மில்லு எண்ணெய்தான், மூணு காளை மார்க். ஒரு அலசு அலசுனாப் போயிரும், வாசம் மட்டும் நிக்கும். காலைல பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னால சைக்கிளை மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தொடை தொடைச்சுத்தான் கொண்டாந்தேன். சாட்சிக்குக் கொண்டுபோற பொருளு பளபளன்னு இருக்கோணுமில்லீங்க.

சாட்சின்னா சாட்சிதானுங்க. கோயமுத்தூர்ல எறங்குனதும் மொதல்ல அந்த சைக்கிள் கடைக்காரன் சட்டையைப் புடிக்கோணும். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போயி சம்பந்தியைப் பாக்கோணும். சம்பந்தின்னு நான் சொல்றேன், அவங்க வீட்டுல இன்னும் அப்படிச் சொல்றாங்களான்னு தெரியல. என்ற பொண்ணு தாரணிக்குக் கைராசி இல்லையாமா. அவ கையால திருநீறு வாங்கிப் பூசுன மனுசன் சைக்கிள்ல எறங்கறப்ப விழுந்து காறை எலும்பு முறிஞ்சு கெடக்கறாராமா. அதனால கல்யாணத்தை யோசிக்கோணுமாமா. எம் பொண்ணு மேல வந்த அந்தப் பேச்சைத் தொடைக்கறதுக்குத்தான் இந்தப் பொணத்தைச் சொமந்துட்டுப் போறேன்.

நீங்க கோயமுத்தூரு வரைக்கும்தானுங்க? அப்ப முழுசாச் சொல்லிடறேன்.

எம் பேரு சென்னியப்பன். காங்கேயத்துல எண்ணெய் மில்லு. பொண்ணு கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. அங்கயே நிதின்ங்கற ஒரு பையன், ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. நானும் மூஞ்சியை ரெண்டு நாளைக்கு உர்ருன்னு வெச்சிருக்கலாம்னுதான் பாத்தேன், விசாரிச்சா எங்க ஆளுங்களே. குலக்கூட்டமும் வேற வேற, கட்டிக் குடுக்கத் தடை இல்ல. கோவிச்சுக்கறதுக்கு ஒரு காரணமும் கெடைக்கல.

பையனோட அப்பா பேரு ராமானந்தம். பம்பு கம்பெனி வெச்சிருக்காரு. என்ற வயசுதான், ஆனா வயிறுன்னு ஒண்ணு இருந்த எடமே தெரியாது. பொண்ணு பாக்க வந்தப்ப எஞ் சம்சாரம் சம்பூர்ணம் நம்ம எண்ணெயில பணியாரம் சுட்டு, முறுக்கு சுட்டு, தட்டு தட்டா வெச்சா. அந்த மனுசன் வெள்ளரிக்காத் துண்டு ரெண்டை எடுத்து மென்னுட்டு, "ஆயில் ஐட்டம் தொடறதில்லீங்க"ன்னாரு. எண்ணெய் மில்லுக்காரன் வீட்டுல வந்து உக்காந்துட்டுங்க! சரி, கோயமுத்தூருக்காரங்க, பணம் இருக்குது, பசி இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதோட விட்டாரா? "உடம்புக்கு என்னங்க பண்றீங்க?"ன்னு கேட்டாரு. மில்லுக்குப் போறேன், வாரேன்னேன். "நடந்துங்களா?" "காருலங்க." அப்ப எம் பொண்ணு என்ற வயித்தைப் பாத்தா. பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அந்தப் பார்வை இருக்குது பாருங்க, என்னைய நெம்ப வருத்திருச்சு. எத்தனையோ பேரு எத்தனையோ சொல்லியிருக்காங்க, ஒண்ணும் ஒட்டுனதில்ல. பெத்த பொண்ணு நம்மளாலே வெக்கப்படறான்னா அது தாங்க முடியாதுங்க.

ஒடனே வாயி என்னுதா இருந்தும் எம் பேச்சைக் கேக்கல. "நானும் சைக்கிள் ஓட்டுவனுங்க"ன்னுருச்சு. அவரு சந்தோசத்துல சீட்டை விட்டு எந்திரிச்சே நின்னுட்டாரு. "அப்படீங்களா! என்ன சைக்கிள்?" புதுசு வாங்கறதா இருக்கேன்னேன். அவரு வாங்கற கடைப் பேரைச் சொல்லி, "என்ற பேரைச் சொல்லுங்க, நல்லாப் பாத்துத் தருவாப்ல. கல்யாணத்துக்குச் சாமி உத்தரவு வாங்க, சிவன்மலைக்குப் பூ கேக்க வரப்ப நாம ரெண்டு பேரும் சைக்கிள்லயே மலையேறிரலாம்"னாரு. பொண்ணு மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துது. அப்பறம் நான் எப்படிங்க பின்வாங்கறது?

கடைக்குப் போனேன். கடைக்காரனுக்கு மூஞ்சி நெறையத் தாடி, தலையில ரப்பர் பேண்டு. எதுக்கு வேணும்னு கேட்டான். ரோட்டுல போகோணும், எங்க கொப்பரைக் களத்துல போகோணும், வாய்க்கா மேட்டுல போகோணும், மலை ஏறோணும்னேன். "அப்ப உங்களுக்கு சைக்ளோகிராஸ்தான் சார்"னான். அதென்னடான்னா, வெளிநாட்டுல மழைக்காலத்துல ஒரு பந்தயமாமா. சேத்துல ஓட்டறது, குறுக்க பலகை வந்தா குதிச்சு எறங்கறது, சைக்கிளைத் தோளுல போட்டுட்டு ஓடறது, மறுபடி ஏறி ஓட்டறது. நான் கேட்டேன், "ஏந் தம்பி, சைக்கிள்ங்கறது நம்மளைச் சொமக்கறதுக்கா, இல்ல அதை நாம சொமக்கறதுக்கா?" அவன் சிரிச்சுட்டு, "ரெண்டும்தான் சார், அதான் வெலை ஜாஸ்தி"ங்கறான்.

வெலையைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சம்பூர்ணத்துக்கிட்டயே சொல்லல. பெல்லு கெடையாது. ஸ்டாண்டு கெடையாது. மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, செயின் கவர் இல்ல. எல்லாத்தையும் கழட்டிட்டு வெலையை மட்டும் ஏத்தி வெச்சிருக்கானுங்க. ஹேண்டில் பாருங்க, செம்மறிக் கெடா கொம்பாட்டம் கீழ வளைஞ்சு கெடக்குது. சீட்டைப் பாருங்க. அது உக்காருறதுக்கு இல்லீங்க, உக்காந்தவனை எழுப்பி உடறதுக்கு.

பிரேக்கு வேற நம்ம சைக்கிளு மாதிரி ரப்பர் கட்டை இல்ல. சக்கரத்து நடுவால ஓட்டை ஓட்டையா ஒரு இரும்புத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்குது. டிஸ்க்காமா. இந்தக் கடைக்காரன், "சார், டிஸ்க்கைக் கையில தொட்டுடாதீங்க, கைப்பசை பட்டாலே பிரேக் கெட்டுரும்"னான். அடேங்கப்பா! கருவறை மாதிரி சொல்றானேன்னு நெனச்சேன். நான் வாங்குன சைக்கிளை நான் தொடக் கூடாதாமா! இந்த மாதிரி பத்து பயமுறுத்து சொன்னாத்தானே நாம பயந்துட்டு மாசாமாசம் சர்வீசுக்குப் போவோம். இதெல்லாம் யாவார நுணுக்கம், எனக்குத் தெரியாதுங்களா?

மொத நாளு ஓட்டுனது இருக்குதே, அதைச் சொல்லியே ஆகோணும். கூடவே ஒரு டவுசர் குடுத்தாங்க, உள்ளார பஞ்சு வெச்சு, தோலோட ஒட்டிக்கிட்டு. அதைப் போட்டுட்டு வந்து நின்னேன். சம்பூர்ணம் ஓடிப்போயி வாசக் கதவைச் சாத்திட்டா. "ஏனுங், இதோட வெளிய போயிராதீங்க, களத்துல பொம்பளைங்க வேலை செய்யறாங்க"ன்னு கெஞ்சறா. மேல வேட்டியைக் கட்டிக்கிட்டேன். தலையில ஹெல்மெட்டு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி, இடுப்புல வேட்டி. களத்துல தேங்காய் ஒடைச்சுட்டிருந்த பாப்பாத்தி அருவாளைக் கீழ வெச்சுட்டு, "முதலாளி, கொம்பு வெச்சதை வாங்கியாந்திருக்கீங்களே, முட்டாதுங்களா?"ன்னா. மத்தவளுங்க வாயை முந்தானையில மூடிக்கிட்டாளுங்க. வேலை செய்யறவளுங்களுக்கு நம்ம ஊருல எப்பவுமே வாயி ஜாஸ்திங்க.

ஆனா ஒண்ணு, ஏறி மிதிச்சதும் சொல்றேன், நல்லா இருந்துது. பொய் சொல்ல மாட்டேன். காஞ்ச தேங்காய்ப் பருப்பு பரப்பியிருந்த களத்துல நொறுநொறுன்னு போச்சு, ஒரு எடத்துலயும் வழுக்கல. அந்தப் பருப்பு வீணாப் போச்சுன்னு பாப்பாத்தி கத்துனா, நான் திரும்பல. களத்தைத் தாண்டி வாய்க்கா மேட்டுல ஏறுனேன். கல்லு, குழி, பார்த்தீனியம், மாடு மிதிச்ச சேறு, எதையும் மதிக்கல. காத்து வந்து காதுல விழுகுது. வேட்டி ரெண்டு பக்கமும் பறக்குது. நான் தனியாச் சிரிச்சுக்கிட்டே போனேனுங்க. பொண்ணு இப்பப் பாத்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன்.

அப்பத்தான் ஒரு ஆடு குறுக்க வந்துது. பிரேக்கைத் தொட்டேன். புடிக்கலீங்க, தொட்டேன். கீச்சுன்னு ஊரே கேக்கற மாதிரி ஒரு சத்தம். சைக்கிள் நின்னுருச்சு, நான் நிக்கல. கொம்புக்கு மேல தாண்டி வாய்க்காலுக்குள்ள போயி உக்காந்தேன். ஆடு நின்னு என்னையப் பாத்துட்டு, அப்பறம் மெதுவாப் போச்சு. பிரேக்குன்னா ஒரு பதம் வேணாங்களா? இவ்வளவு மொரட்டுத்தனமாவா புடிக்கறது?

வீட்டுக்கு வந்தா சம்பூர்ணம், "பூசை போடாம எடுத்துட்டுப் போனா இப்படித்தான்"னா. சரி போடுன்னேன். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சா. கொம்புல மாலை போட்டா. சந்தனம், குங்குமம் எடுத்து ஒரு எடம் விடாம வெச்சா. அந்த டிஸ்க்கைப் பாத்ததும் வட்டமா நல்லா இருக்குதேன்னு அதுல சுத்தியும் பொட்டு வெச்சா. மத்தியானத்துக்குள்ள எல்லாம் காஞ்சு ஒட்டிக்கிச்சு. தண்ணி ஊத்துனா துரு ஏறும். அப்ப என்ன பண்றது? எங்க வீட்டுல எதுக்கும் ஒண்ணுதானுங்க. கதவுக் கீலு கத்துனாலும் அதுதான், கை சுட்டுக்கிட்டாலும் அதுதான், கன்னுக்குட்டி காலுல புண்ணுன்னாலும் அதுதான். ஒரு துணியில நல்லா நனைச்சு டிஸ்க்கை ரெண்டு பக்கமும் தேச்சுத் தேச்சுத் தொடைச்சேன். கண்ணாடியாட்டம் ஆயிருச்சு, மூஞ்சி பாத்துக்கலாம்.

மறுநாளு எடுத்தேன். பிரேக்கைப் புடிச்சா சத்தமே இல்ல. அந்த மொரட்டுத்தனம் எல்லாம் போயி மெத்துன்னு ஆயிருச்சு. பரவால்ல, பூசைக்கு ஒரு மகிமை இருக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா நிக்கவும் இல்ல. களத்துக்குள்ள வந்தவன் களத்தைத் தாண்டி, தேங்காய் மட்டைக் குமியில போயித்தான் நின்னேன். பாப்பாத்தி, "இன்னைக்கு முட்டிருச்சுங்க"ன்னா.

எனக்கு வந்துதே கோவம்! கடைக்காரனுக்குப் போனைப் போட்டேன். மொத நாளு கொன்னு எடுக்குது, மறுநாளு புடிக்கவே மாட்டேங்குது, என்ன சரக்குடா இதுன்னு கேட்டேன். அவன் ரொம்ப நிதானமா, "டிஸ்க்குல ஏதாவது போட்டீங்களா சார்?"ங்கறான். "நானா? ஒண்ணுமே போடலையே"ன்னேன். சந்தனம் வெச்சது சம்பூர்ணம், நான் இல்லையே. எண்ணெயைக் கேக்கறீங்களா? எண்ணெய் போடறதெல்லாம் ஒரு போடறதுங்களா? அது தொடைக்கறதுங்க.

நேர்ல கொண்டாங்கன்னான். பூ கேக்கற நாளு வந்துருச்சு, எங்க கொண்டு போறது? அப்படியே சிவன்மலைக்குக் கொண்டு போனேன். சம்பந்தி கார்ல சைக்கிளைக் கட்டிக் கொண்டாந்து அடிவாரத்துல எறக்குனாரு. பொம்பளைங்க, பையன், பொண்ணு எல்லாரும் கார்ல மேல போயிட்டாங்க. அவரு தார் ரோட்டுல ஏறி விறுவிறுன்னு மிதிச்சுட்டுப் போயிட்டாரு. நான் மொத வளைவுலயே எறங்கிட்டேன். மூச்சு வாங்கல. பிரேக் இல்லாத சைக்கிள்ல மேல போயி என்ன பண்றது, யோசிக்க வேணாங்களா?

அப்பத்தான் கடைக்காரன் சொன்னது ஞாபகம் வந்துது. இது தோளுல தூக்கற சைக்கிளாச்சே! படிக்கட்டு வழியாத் தூக்கிட்டு ஏறிட்டேன். தோளுல சைக்கிளு, அதுல பூசைக்குப் போட்ட மாலை இன்னும் கழட்டாமத் தொங்குது. பாதிப் படியில ஒரு குடும்பம் என்னையப் பாத்துட்டு, "அரோகரா!"ன்னுட்டாங்க. காவடின்னு நெனச்சுட்டாங்க. நான் இல்லைன்னு சொல்றதுக்குள்ள பின்னால வந்த கூட்டமும் அரோகரா போட்டுருச்சு. ஒரு அம்மா டயரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. எனக்குத் தண்ணி குடுத்தாங்க, வழி விட்டாங்க. ஒருத்தரு, "என்னுங்க வேண்டுதலு?"ன்னு கேட்டாரு. "பொண்ணு கல்யாணமுங்க"ன்னேன். அது பொய்யில்லையே.

மேல போயி நின்னா பொண்ணு என்னையப் பாத்துச் சிரிச்சா. வேர்த்து ஊத்துது, மூச்சு விட முடியல, ஆனா அந்தச் சிரிப்புக்கு இன்னொரு தடவை ஏறியிருப்பேனுங்க.

பூ கேட்டோம். வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணுன்னு ரெண்டு பொட்டலம் கட்டி சாமி முன்னால வெச்சாங்க. வெள்ளைப் பூவு நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு சம்பந்தியம்மா ஜெகதீஸ்வரிதான் பொட்டலத்தை எடுத்தாங்க. வெள்ளையே வந்துது. எல்லாருக்கும் சந்தோசம். சம்பூர்ணம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. அந்தம்மாவே, "மருமவ கையால மாமனாருக்குத் திருநீறு குடும்மா"ன்னு சொன்னாங்க. இதைக் கவனிச்சுக்குங்க, அவங்கதான் சொன்னாங்க. தாரணி குடுத்தா. அவரு நெத்தி நெறையப் பூசிக்கிட்டாரு.

அவங்க எல்லாரும் உள்ளார பேசிட்டிருந்தப்ப நான் வெளிய வந்தேன். சம்பந்தி அடிவாரத்துல ஒரு சுத்து சுத்தி சைக்கிளை நிறுத்துனப்பவே கவனிச்சிருந்தேன், அவரு பிரேக்கும் கீச்சுன்னு கத்துது. இவ்வளவு பெரிய பம்பு கம்பெனி வெச்சிருக்காரு, ஒரு சொட்டு எண்ணெய்க்கு வக்கில்லையான்னு எனக்குப் பாவமாப் போச்சு. விளக்குக்குக் கொண்டுபோன எண்ணெயில மிச்சம் இருந்துது. பொண்ணைக் குடுக்கற எடம், நாமளா ஒரு உபகாரம் பண்ணுனா என்ன கொறைஞ்சு போச்சு? துண்டுல நனைச்சு, ரெண்டு சக்கரத்துக்கும் பாந்தமாத் தொடைச்சு வெச்சேன். சாமிக்கு ஊத்துன எண்ணெயிங்க அது. சொல்லிக் காட்ட வேண்டாம்னு வாயைத் தொறக்கல. நல்லது பண்ணிட்டு நானு நானுன்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்ல.

ஏனுங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க? தண்ணி வேணுங்களா?

சரி கேளுங்க. எறங்கறப்ப அவரு ரோட்டு வழியா சைக்கிள்ல, நான் படி வழியா சைக்கிளைச் சொமந்துக்கிட்டு. படியிலருந்து பாத்தா ரோட்டு வளைவு தெரியும். திடீர்னு சம்பந்தி சர்ருன்னு போறாரு. "பிரேக்கு! பிரேக்கு!"ன்னு கத்திக்கிட்டே போறாரு. எனக்குத்தான் ஏதோ சொல்லிக் குடுக்கறாருன்னு நெனச்சு நானும் கையை ஆட்டி, "ஆகட்டுமுங்க!"ன்னேன். அடுத்த வளைவுல ஒரு அம்மா பொரிக் கடை போட்டிருந்துது. நேரா அதுக்குள்ள போயிட்டாரு. நான் எறங்கி ஓடிப் பாத்தா, ஆளு பொரிக்குள்ள கெடக்கறாரு. தலையில பொரி, மீசையில பொரி, வெரல் வெச்ச எடத்துலெல்லாம் பொரி. சிரிக்கக் கூடாதுதான். அந்தக் கடைக்காரம்மா சிரிச்சுருச்சு. தோளு மட்டும் ஒரு பக்கமாத் தொங்குது.

அவரை அள்ளிக் கார்ல போட்டது யாரு? நாந்தான். வழி பூரா பொரியைப் பொறுக்கி எடுத்தது யாரு? நாந்தான்.

மொதல்ல கொண்டுபோன காங்கேயம் ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் அந்தம்மா ஆரம்பிச்சாங்க. சாமி வெள்ளைப் பூவைத்தான் குடுத்துச்சாமா, ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்குதாமா. ஆயிரம் தடவை மலையேறி எறங்குன மனுசனுக்கு ஒரு சிராய்ப்பு வந்ததில்லையாமா. இந்தப் பொண்ணு கையால திருநீறு வாங்குன அன்னைக்குத்தான் எலும்பு முறிஞ்சுதாமா. வீட்டுக்குள்ள வரதுக்கு முன்னாலயே இப்படின்னா, வந்தப்பறம்? பையன் நிதின், "அம்மா, விடும்மா"ன்னான். அம்மாவுக்குக் கேக்காத அளவுக்குச் சொன்னான். அந்த வரைக்கும் வீரமான பையன்.

எம் பொண்ணு ஓரமா பெஞ்சுல போயி உக்காந்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தா. அந்தக் கையைப் புடிச்சுத்தான் அவளுக்கு நடை பழக்குனேன். படிச்ச பொண்ணு, அவளே அந்தக் கைராசிப் பேச்சை நம்பிருவா போல இருக்குது.

அப்பத்தான் நான் முடிவு பண்ணுனேன். இது கைராசி இல்ல, கடைக்காரன் பித்தலாட்டம். எப்படிங்கறீங்க? எஞ் சைக்கிளு எந்தக் கடை? அவன் கடை. சம்பந்தி சைக்கிளு எந்தக் கடை? அவன் கடை. என்ற பிரேக்கும் புடிக்கல, அவரு பிரேக்கும் புடிக்கல. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது என்ன? சொல்லுங்க. கடையைத் தவிர வேற ஏதாச்சும் இருக்குதுங்களா? அவரைக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்கு மாத்துனப்பவே சம்பூர்ணமும் பொண்ணும் நம்ம கார்ல கூடப் போயி அங்க தங்கிட்டாங்க. நான் மில்லுல லோடு அனுப்பிட்டு இன்னைக்குத்தான் கெளம்புனேன், சாட்சியோட.

சித்த இருங்க, போன் அடிக்குது. பொண்ணுதான்.

சொல்லு கண்ணு. பஸ்ஸுல வந்துட்டிருக்கேன் சாமி, சூலூரு வரப் போகுது. சைக்கிளும் கூடத்தான் வருது... யாரு வந்திருக்கறது?... கடைக்காரனா? அங்கயே இருக்கச் சொல்லு, நான் வந்து... என்ன பண்ணுனான்?... சரி... சரி... ஆமாங் கண்ணு, நாந்தான். வேற யாரு செய்வாங்க... கண்ணு? தாரணி? இருக்கறயா?... ம்... ம்... அப்படியா சொல்றான்?... ம். வெச்சுடறேன்.

ஒண்ணுமில்லீங்க. இருங்க, மூச்சு விட்டுக்கறேன்.

சம்பந்தியே கடைக்காரனைக் கூப்பிட்டு விட்டிருக்காரு. ஆஸ்பத்திரி வாசல்ல, சம்பந்தி கார்ல கட்டியிருக்கற அவரு சைக்கிளைப் பாத்துட்டு, டிஸ்க்கை ஒரு துணியில தொடைச்சு மோந்து பாத்தானாமா. அந்தத் துணியை மேல கொண்டுபோயி சம்பந்தி மூக்குக்கிட்ட நீட்டுனானாமா. அவரும் மோந்தாராமா. மோந்துட்டு எம் பொண்ணைப் பாத்தாராமா. வாசத்தை வெச்சே நம்ம எண்ணெய்னு கண்டுபுடிச்சுட்டாங்க பாருங்க! கலப்படம் பண்றவன் எண்ணெயில இந்த வாசம் வருமுங்களா?

ஆமாங்க, அப்பறம் சொல்றேன். "நீங்க போட்டீங்களாப்பா?"ன்னு கேட்டா. நாந்தான்னேன், பெருமையாத்தான் சொன்னேன். அப்பறம், "எண்ணெய் பட்டா டிஸ்க்கு வழுக்கும்ப்பா, பிரேக் புடிக்காது. அதனாலதான் மாமா விழுந்தாரு. உங்க சைக்கிளும் அதனாலதான்"னா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். "நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலப்பா. நான் சொன்னா அப்பாவைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும். நீங்களே வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. சொல்லலைன்னா அத்தை எங் கையைத்தான் சொல்லிட்டிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு அழுதா.

நீங்களும் கடைக்காரன் பக்கமா? எண்ணெய் பட்டா வழுக்கும்னு எனக்கா தெரியாது? மில்லுல வழுக்கி விழுந்து எந்திரிச்ச ஒடம்புங்க இது. ஆனா அது தரை. இது சாமான் இல்லீங்களா? சாமானுக்கு எண்ணெய் போடறதுதானே உலகத்து வழக்கம்!

நான் யோசிக்கறது வேறங்க. அத்தனை ஒரம்பரை, சொந்தபந்தம்னு கூடி நிக்கற எடத்துல போயி, எங்க எண்ணெயாலதான் எலும்பு முறிஞ்சுதுன்னு என்ற வாயால எப்படிச் சொல்றது? எங்கப்பன் காலத்துலருந்து இந்த எண்ணெயில ஒரு குத்தம்னு ஒருத்தன் சொன்னதில்ல. அந்த வெள்ளரிக்காக்காரரு முன்னால நானே சொல்லோணுமாமா. நாளைக்குக் கோயமுத்தூரு பூரா, மூணு காளை எண்ணெயா, அது ஆளைக் கவுத்துருமேம்பாங்க.

என்ன கேட்டீங்க? எண்ணெயா பொண்ணான்னா? இது ஒரு கேள்விங்களா! பொண்ணுதாங்க. மில்லை வித்தாலும் பொண்ணுதான். நான் சொல்ல மாட்டேன்னு சொல்லல, எப்படிச் சொல்றதுன்னுதான் பாக்கறேன்.

இப்படிச் சொன்னா எப்படி இருக்கும், கேளுங்க. நேரா அந்தம்மா முன்னால போயி நிக்கறேன். "அம்மா, குத்தம் எம் பொண்ணு கையில இல்ல. எண்ணெயிலயும் ஒரு குத்தமும் இல்ல, அது சுத்தமான எண்ணெய். போட்ட எடம் தப்பு, போட்ட கை தப்பு. கைராசி இல்லாதவன் நாந்தான், எங் கையைப் பாத்துக்குங்க"ன்னு ரெண்டு கையையும் நீட்டிடறேன். எண்ணெய் பேரும் கெடல, பொண்ணு பேரும் கெடல. கெட்டது நான் மட்டும்தான், நான் எப்படியாச்சும் போயிட்டுப் போறேன். தாரணி மறுபடியும் தலையைக் குனிஞ்சா? குனியட்டுமுங்க. என்னைய நெனச்சுக் குனிஞ்சாப் போதும், அவ கையை நெனச்சுக் குனிய வேண்டாம்.

நல்லா இருக்குதுங்களா? உங்க கண்ணு என்னத்துக்குங்க கலங்குது? எண்ணெய்க் கையோட கண்ணைத் தேச்சுட்டீங்களா?

சிங்காநல்லூரு வந்துருச்சு. சீட்டுக்கு அடியில ஒரு கேன் இருக்குது பாருங்க, அஞ்சு லிட்டரு. சம்பந்தி தோளுக்குத் தேச்சு விடலாம்னு கொண்டாந்தேன். இப்ப இதோட ஆஸ்பத்திரிக்குள்ள போனா நல்லா இருக்காது. நீங்களே வெச்சுக்குங்க. அட, காசெல்லாம் வேண்டாம். சமையலுக்கு ஊத்துங்க, தலைக்கு வெய்யுங்க, உங்க வேட்டிக்கு ஆனதுக்கும் அதுதான் சரி.

சக்கரத்தைச் சித்த புடிச்சுக்குங்க, மாட்டிக்கறேன். ஆச்சு. இப்ப ஒரு கை குடுங்க, தூக்கித் தோளுல வெச்சுக்கறேன். ஆஸ்பத்திரி தூரந்தான். ஏறி ஓட்டிட்டுப் போகலாமேங்கறீங்களா? எப்படிங்க போறது? பிரேக் புடிக்காதுங்களே.